76.5, 82, 88: வேலூர் வெயிலில் மூன்று தெர்மோஸ்டாட்டோடும் ஓட்டிப் பார்த்த அனுபவம்

2019 மே மாதம் ஏலகிரி ஏறிக்கொண்டிருந்தோம். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் பத்தாவதைத் தாண்டியதும் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. முன்னால் அம்மா, பின்னால் அக்காவும் இரண்டு பிள்ளைகளும், ஏ.சி. முழு வேகத்தில். ஓரம் கட்டி என்ஜினை அணைத்துவிட்டு பானெட்டைத் திறந்தால், ஓவர்ஃப்ளோ டப்பாவுக்குள் கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) குமிழ் விட்டுக் கொதித்துக்கொண்டிருந்தது. முக்கால் மணி நேரம் மரநிழலில் காத்திருந்துதான் மேலே போனோம்.

கார் 2012 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல். 2018-இல், 68,000 கிலோமீட்டர் ஓடியிருந்தபோது வாங்கினேன். ஓட்டம் பெரும்பாலும் வேலூருக்குள்தான். காலையில் நான்கு கிலோமீட்டரில் பள்ளி, பிறகு அலுவலகம், மாதம் இருமுறை சென்னை, ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவை மலை. என்ஜின் போதுமான அளவு சூடாகும்வரை கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் தடுக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். கம்பெனியிலிருந்து வந்தது 88 டிகிரியில் திறப்பது. அதன்பின் அது இல்லாமலும், 76.5 டிகிரி வால்வோடும், 82 டிகிரி வால்வோடும் இதே என்ஜினை ஓட்டியிருக்கிறேன். வெயில் ஊரில் இருப்பவர்கள் குறைந்த டிகிரி தெர்மோஸ்டாட் போடலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்ததை முழுதாக எழுதிவிடுகிறேன்.

மலையிலிருந்து இறங்கிய மறுநாளே வண்டியை மெக்கானிக்கிடம் விட்டேன். அவர் பார்த்ததும் சொன்னார்:

"சார், இது குளிர் நாட்டுக்குப் போடுற வால்வு. நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு? கழட்டிடலாம், தண்ணி ஃப்ரீயா ஓடும்."

"கழட்டினா வேற பிரச்சினை வராதாண்ணே?"

"முப்பது வருஷமா கழட்டிக்கிட்டுதான் இருக்கேன் சார்."

கழற்றினார். நான்கைந்து மாதம் எந்தக் குறையும் தெரியவில்லை. சிவப்பு விளக்கு எரியவில்லை, எனக்கும் நிம்மதி. என் காரில் வெப்பத்தைக் காட்டும் முள் கிடையாது. குளிராக இருந்தால் நீல விளக்கு, மிஞ்சினால் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். நடுவில் என்ன நடக்கிறது என்பது ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது. முள் இருக்கும் கார்களிலும், பலவற்றில் அது ஓர் அளவுக்கு மேல் வந்ததும் நடுவிலேயே நின்றுவிடும்படி அமைத்திருப்பார்கள். அதை நம்பி எந்த முடிவும் எடுக்க முடியாது.

முதலில் மைலேஜ் விழுந்தது. டேங்க் நிரப்பி நிரப்பிக் கணக்கு எழுதும் பழக்கம் எனக்கு உண்டு. லிட்டருக்கு 16.5 கொடுத்த வண்டி 14-க்கு வந்தது. அப்புறம் மார்கழி மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆயில் மூடியைத் திறந்தேன். மூடியின் உள்பக்கம் காபி கலந்த பால் ஆடை மாதிரி, வெளிர் பழுப்பில் கொழகொழவென்று ஒட்டிக்கொண்டிருந்தது. விரலால் வழித்தால் தனியாக வந்தது. என்ஜினில் ஆயிலும் கூலன்டும் கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று நினைத்துக் கை நடுங்கிவிட்டது. டிப்ஸ்டிக்கில் இருந்த ஆயில் மட்டும் சுத்தமாக இருந்தது, கூலன்ட் அளவும் குறையவில்லை. கேஸ்கட் நன்றாகத்தான் இருந்தது. எரிபொருள் எரியும்போது உண்டாகும் நீராவியில் கொஞ்சம் பிஸ்டனைத் தாண்டி ஆயில் பக்கம் இறங்கும். என்ஜின் நன்றாகச் சூடானால் அது ஆவியாகி வெளியேறிவிடும். என்ஜின் சூடாகாமலே பள்ளிக்கும் வீட்டுக்கும் போய்வந்துகொண்டிருந்தால் அந்த ஈரம் உள்ளேயே தங்கி ஆயிலோடு கலந்துவிடுகிறது.

அன்று, காரின் கணினி தரும் தகவல்களைப் படிக்கும் ஓ.பி.டி. புளூடூத் கருவி ஒன்று வாங்கினேன். ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினால் கூலன்ட் வெப்பநிலை கைபேசியிலேயே தெரியும். இந்த ஆறு ஆண்டுகளில் காருக்காக நான் செய்த செலவுகளில் உருப்படியானது இதுதான். தெர்மோஸ்டாட் இல்லாமல், விடிகாலையில் சென்னை சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது 64 டிகிரி காட்டியது. ஒரு மணி நேரம் ஓட்டியும் 64-தான். அந்த வெப்பநிலையில் என்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று கணினி நினைத்துக்கொண்டு பெட்ரோலைக் கூடுதலாகத் தெளிக்கிறது. மைலேஜ் அங்கேதான் போனது. பொங்கலுக்கு முன் ஒரு தடவை ஏலகிரி ஏறினேன். உச்சியில் 106! குளிர்காலத்தில், தெர்மோஸ்டாட்டே இல்லாத வண்டியில்!

ஏன் என்று புரிய எனக்குக் கொஞ்ச நாள் ஆனது. தெர்மோஸ்டாட் என்பது ஒரு சிறிய உலோகக் குப்பிக்குள் அடைத்த மெழுகு. சூடானதும் மெழுகு உருகி விரிந்து ஒரு ஊசியைத் தள்ளும், ஸ்பிரிங்கை மீறி வால்வு திறக்கும். 1930-களில் செர்ஜியஸ் வெர்னெட் உருவாக்கிய அமைப்பு, இன்றும் பெரும்பாலான கார்களில் அதுதான். வால்வு மூடியிருக்கும்போது கூலன்ட் என்ஜினுக்குள்ளேயே பைபாஸ் வழியாகச் சுற்றும். திறந்தால் ரேடியேட்டருக்குப் போகும். என் என்ஜினில் இருப்பதுபோலப் பல என்ஜின்களில் வால்வின் அடியில் இன்னொரு தட்டு இருக்கும். மேலே ரேடியேட்டர் வழி திறக்கத் திறக்க, கீழே அந்தத் தட்டு பைபாஸ் வழியை அடைத்துவிடும். மொத்தமாகக் கழற்றினால் பைபாஸை அடைக்க ஆளில்லை. கூலன்டில் ஒரு பங்கு ரேடியேட்டரைத் தொடாமலே திரும்பத் திரும்ப என்ஜினுக்குள் போகிறது. அதனால்தான் சமவெளியில் தேவைக்கு மேல் குளிர்ந்த வண்டி, மலையில் கொதித்தது.

சரி, தெர்மோஸ்டாட் வேண்டும் என்று முடிவானது. 88-ஐத் திரும்பப் போட மனம் வரவில்லை. உதிரிபாகக் கடையில் அதே அளவில் 82-உம் 76.5-உம் இருந்தன. இரண்டையும் வாங்கினேன். குறைந்ததே நல்லது என்ற எண்ணத்தில் 2020 ஜனவரியில் 76.5-ஐப் போடச் சொன்னேன்.

போடும் முன் வீட்டில் சோதித்துப் பார்த்தேன். இதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். சமையலுக்கு இனி எடுக்காத ஒரு பாத்திரத்தில் தண்ணீர், 110 டிகிரி வரை காட்டும் வெப்பமானி. வால்வை விரலால் லேசாக நெம்பி, அதன் வாயில் ஒரு நூலைக் கடிக்கக் கொடுத்து, நூலைப் பிடித்துத் தண்ணீருக்குள் தொங்க விடுங்கள். பாத்திரத்தின் அடியில் படக்கூடாது. அடுப்பைச் சிறியதாக வையுங்கள். வால்வு திறக்கும் நொடியில் நூலின் பிடி விட்டு 'டங்' என்று பாத்திரத்தில் விழும். அப்போது வெப்பமானி காட்டுவதுதான் உண்மையான எண். 76.5 என்று அச்சிட்டது 77-இல் விழுந்தது. 82 என்று அச்சிட்டது 86-இல் விழுந்தது. இரண்டாவதைக் கடையில் மாற்றிக்கொண்டேன், மாற்றிக் கொடுத்தது 82-இலேயே திறந்தது. வேறு யாரும் கவனிக்காத இந்த நான்கு டிகிரிக்காகத்தான் நாம் கடைக்கே போகிறோம், அதனால் பத்து நிமிடம் செலவழித்துப் பார்த்துவிடுவது நல்லது.

அச்சிட்டிருக்கும் எண் வால்வு திறக்கத் தொடங்கும் வெப்பநிலை. முழுதாகத் திறக்க இன்னும் பன்னிரண்டு பதின்மூன்று டிகிரி ஏற வேண்டும். 82 என்றால் 95 வாக்கில்தான் முழு வாயும் திறக்கும். இது தெரியாமல் '82 போட்டேன், ஆனால் 90 காட்டுகிறது, வால்வு கெட்டுவிட்டது' என்று கழற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

76.5 போட்ட ஆண்டு ஊரடங்கு. கோடை முழுக்க வண்டி வீட்டு வாசலில்தான் நின்றது. சரியான சோதனை 2021 மார்ச், ஏப்ரலில்தான் கிடைத்தது. அதிகாலை நெடுஞ்சாலையில் 79. பகலில் ஏ.சி.யோடு 88, 89. மைலேஜ் 15.4 வரை ஏறியது, பழைய நிலைக்கு வரவில்லை. மழைக்காலக் காலைகளில் ஆயில் மூடியில் அந்த ஆடை மெல்லியதாக மறுபடி எட்டிப் பார்த்தது. டவுன் நெரிசலில் ஏ.சி. போடாமல் நின்றால்? 98 வரை ஏறி, ஃபேன் ஓடி, 93-க்கு இறங்கும். 88 டிகிரி வால்வு இருக்கும் இதே மாடல் காரை வைத்திருக்கும் நண்பர் ஒருவரின் வண்டியிலும் கருவியைச் செருகிப் பார்த்தோம். அதே 98, அதே 93. ஏனென்றால் ஃபேனை எப்போது ஓட்டுவது என்பதைக் கணினி முடிவு செய்கிறது, அதற்கும் வால்வுக்கும் சம்பந்தமில்லை.

ஏப்ரலில் ஏலகிரி. அடிவாரம் பொன்னேரியில் 84-இல் தொடங்கினேன். ஐந்தாவது வளைவு வரை மனசுக்கு இதமாக இருந்தது. எட்டாவதில் 97. உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் 104. ஏ.சி.யை அணைத்து, கண்ணாடிகளை இறக்கி, ஹீட்டரை முழுதாகத் திறந்து மெதுவாக ஏறினேன். (ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். சிவப்பு விளக்கு எரியும் முன் இதைச் செய்தால் பல சமயம் காப்பாற்றும்.)

அன்றுதான் எனக்குத் தெளிந்தது. தெர்மோஸ்டாட் என்ஜினின் வெப்பம் எதற்குக் கீழே போகக்கூடாது என்பதைத்தான் தீர்மானிக்கிறது. எதற்கு மேலே போகக்கூடாது என்பதை ரேடியேட்டரும், ஃபேனும், வாட்டர் பம்பும், ரேடியேட்டர் மூடியும்தான் தீர்மானிக்கின்றன. 100 டிகிரியில் 76.5-உம் திறந்துதான் இருக்கும், 88-உம் திறந்துதான் இருக்கும். குறைந்த டிகிரி வால்வு மலையில் எனக்குக் கொடுத்தது மூன்று நான்கு வளைவுகள் தாமதம், அவ்வளவுதான். ரேடியேட்டர் அடைத்திருந்தால் எந்த வால்வும் உதவாது.

அதன்பின் வால்வை விட்டுவிட்டு மற்றதைப் பார்க்கத் தொடங்கினேன். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வெடித்திருந்தது. (என்ஜின் ஆறிய பிறகு மட்டுமே இந்த மூடியைத் திறக்க வேண்டும்.) அதில் 0.9 என்று அழுத்த அளவு அச்சிட்டிருக்கும். அந்த அழுத்தத்தைப் பிடித்து வைத்திருந்தால் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி வரை கொதிக்காது. பிடிக்காவிட்டால் ஏலகிரி உயரத்தில், கிட்டத்தட்ட 1,000 மீட்டரில், 97-க்குள்ளேயே கொதித்துவிடும். 2019-இல் டப்பாவில் குமிழ் விட்டதன் காரணம் பாதி இதுதான். ரேடியேட்டருக்கும் ஏ.சி. கண்டென்சருக்கும் நடுவில் பஞ்சும் பூச்சியும் மண்ணும் மெத்தை மாதிரி படிந்திருந்தன. உள்ளே, முந்தைய உரிமையாளர் ஊற்றிய போர்வெல் தண்ணீரின் உப்பு. கழுவிப் பார்த்தும் தேறவில்லை. 2021 செப்டம்பரில் புது ரேடியேட்டர், புது மூடி, டிஸ்டில்டு வாட்டரில் கலந்த கூலன்ட். கூடவே பத்திரமாக வைத்திருந்த 82 டிகிரி வால்வு.

இந்த அமைப்பில் நான்கு ஆண்டுகள் ஓடிவிட்டது. நெடுஞ்சாலையில் 85 முதல் 88. நெரிசலில் வழக்கம்போல 93-க்கும் 98-க்கும் நடுவில். மே மாத ஏலகிரியில், ஏ.சி. ஓட, ஐந்து பேரோடு 97-ஐத் தாண்டியதில்லை. மைலேஜ் 16.3. ஆயில் மூடி சுத்தம். புது ரேடியேட்டரோடு 88 போட்டிருந்தாலும் இதே 97-தான் காட்டியிருக்கும் என்று நம்புகிறேன். 82-ஐ வைத்துக்கொண்டதற்கு ஒரே காரணம், என் வண்டியின் பாகங்கள் பட்டியலில் வெப்பமான ஊர்களுக்கான மாற்றாக அதையே கம்பெனி குறிப்பிட்டிருக்கிறது. உங்கள் வண்டிக்கும் அப்படி இருந்தால் 82 போடுங்கள். பட்டியலில் இல்லாத 71-ஐயும் 76-ஐயும் அன்றாட ஓட்டத்துக்கு நான் சொல்லவே மாட்டேன். புதிய கார்கள் பலவற்றில் என்ஜின் எதிர்பார்த்த வெப்பத்துக்கு வராவிட்டால் பி0128 என்ற கோளாறு எண்ணோடு செக் என்ஜின் விளக்கும் எரியும். கணினியே மெழுகைச் சூடாக்கித் திறக்கும் மின் தெர்மோஸ்டாட் உள்ள டர்போ கார்களில் கையே வைக்க வேண்டாம். அவற்றில் பல 100-க்கு மேல் ஓடும்படியே வடிவமைத்தவை.

பொருத்தும்போது ஒரு விஷயம். வால்வின் விளிம்பில் சின்ன ஓட்டையும் அதில் ஆடும் ஒரு குச்சியும் இருக்கும். அது மேல்பக்கம் இருக்க வேண்டும், காற்று வெளியேறும் வழி அது. 76.5-ஐப் பொருத்தியபோது அது கீழே போய்விட்டது. இரண்டு நாள் டேஷ்போர்டுக்குப் பின்னால் களகளவென்று தண்ணீர் ஓடும் சத்தம், வெப்பம் 80-க்கும் 100-க்கும் தாவியது. திருப்பிப் போட்டதும் நின்றது. கூலன்ட் ஊற்றும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து, ஹீட்டரை முழுதாக வைத்து, ஃபேன் இரண்டு தடவை ஓடி நிற்கும்வரை என்ஜினை ஓட விடுங்கள். வேலூர் வெயிலில் ஹீட்டரோடு உட்காருவது கஷ்டம்தான், வெளியே நின்றுகொள்ளலாம்.

போன மாதம் 1,41,000 கிலோமீட்டரில் வாட்டர் பம்ப் மாற்றும்போது கூடவே வால்வையும் மாற்றினேன், மறுபடியும் 82. கழற்றிய பழையதை அதே பாத்திரத்தில், அதே நூலில் தொங்கவிட்டேன். 83-இல் விழுந்தது. துடைத்து, ஒரு புது கேஸ்கட்டோடு சேர்த்துப் பொட்டலம் கட்டி டிக்கியில் ஸ்பேனர்களோடு வைத்திருக்கிறேன்.