43 அடியும் 60 அடியும்: ஃபாஸ்ட்பிட்ச் சாஃப்ட்பாலையும் பேஸ்பாலையும் அருகருகே வைத்துப் பார்த்தால்

சாஃப்ட்பாலைப் பேஸ்பாலின் சின்ன வடிவம் என்று சொல்பவர்கள் நிறைய. மூன்று ஸ்ட்ரைக் (பேட்டர் தவறவிடும் நல்ல பந்து), நான்கு பால் (எல்லைக்கு வெளியே போகும் பந்து), மூன்று அவுட், நான்கு பேஸ் என்று அடிப்படை விதிகள் ஒன்றாக இருப்பதால் அப்படித் தோன்றுகிறது. ஆனால் மைதானத்தின் அளவுகள் ஒரே விகிதத்தில் சுருங்கவில்லை. பேஸ்களுக்கு இடையிலான தூரம் 90 அடியிலிருந்து 60 அடியாகிறது. பந்து வீசும் பிட்சர் நிற்கும் தூரம் 60 அடி 6 அங்குலத்திலிருந்து 43 அடியாகிறது. வேலி ஏறக்குறைய பாதியாகக் கிட்டே வந்துவிடுகிறது: பெரிய பேஸ்பால் மைதானங்களில் நடுவேலி 400 அடியை ஒட்டி இருக்கும்; பெண்கள் சாஃப்ட்பாலில் 220 அடி. பந்து மட்டும் பெரிதாகிறது. பேஸ்பாலின் சுற்றளவு 9 அங்குலம், எடை 5 அவுன்ஸ் சொச்சம். சாஃப்ட்பாலின் சுற்றளவு 12 அங்குலம், எடை கிட்டத்தட்ட 7 அவுன்ஸ் வரை. ஓடுகிறவரின் கால் வேகம் மைதானத்தோடு சேர்ந்து சுருங்குவதில்லை என்பதால், தவறைத் திருத்திக்கொள்ளக் கிடைக்கும் நேரம்தான் சுருங்குகிறது. இரண்டு ஆட்டங்களின் குணமும் பிரிவது இங்கேதான்.

(இங்கே பேசுவது ஃபாஸ்ட்பிட்ச் பற்றி மட்டும். பந்தை மேலே வளைத்துத் தூக்கிப்போடும் ஸ்லோபிட்ச் வேறு ஆட்டம். ஆண்களுக்கும் ஃபாஸ்ட்பிட்ச் உண்டு. அதில் தூரம் 46 அடி. 2019 ஆண்கள் உலகக் கோப்பையை வென்றது அர்ஜென்டினா.)

பிட்சிங்

முதலில் நேரக் கணக்கு. இரு ஆட்டத்திலும் பிட்சர் முன்னால் அடியெடுத்து வைத்துத்தான் பந்தை விடுகிறார். அதற்கு 6 அடி கழித்தால், மணிக்கு 95 மைல் வேகப் பேஸ்பால் பந்து 0.39 வினாடியில் பேட்டரை அடைகிறது. சாஃப்ட்பாலில் மணிக்கு 65 மைல் போதும், அதே 0.39 வினாடி. 70 மைலைத் தொட்டால் 0.36 ஆகிவிடும், பேஸ்பாலில் அந்த நேரத்துக்கு 103 மைல் வேகம் வேண்டும். காற்றின் தடையைச் சேர்க்காத தோராயக் கணக்குதான் இது. ஆனாலும் திரையில் "65" என்று பார்த்துவிட்டு மெதுவான பந்து என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லத்தான் வேண்டும். மோனிகா அபட் 2012-ல் வீசிய 77 மைல் பந்து பல ஆண்டுகள் சாதனையாக நின்றது. 2025-ல் டென்னசி பல்கலைக்கழகத்தின் கார்லின் பிக்கென்ஸ் அதைத் தாண்டினார்.

நேரம் ஒன்றானாலும் பந்து வரும் பாதை ஒன்றல்ல. பேஸ்பால் பிட்சர் 10 அங்குல மேட்டில் நின்று தலைக்கு மேலிருந்து வீசுவதால், பந்து கீழ்நோக்கியேதான் வருகிறது. சாஃப்ட்பாலில் மேடு கிடையாது, தட்டையான வட்டம். கை ஒரு முழுச் சுற்று சுற்றி, இடுப்பை உரசிக்கொண்டு வரும் இடத்தில் பந்து விடுபடுகிறது. தாழ்விலிருந்து கிளம்பும் பந்து மேல்நோக்கியும் போகலாம்.

ரைஸ்பால் என்ற பந்து இதனால்தான் சாத்தியமாகிறது. விரல்கள் பந்தின் அடியில் நுழைந்து அதைப் பின்னோக்கிச் சுழற்ற வேண்டும். பந்து பாதி வழியில் திடீரென்று மேலே துள்ளுகிறது என்று ரசிகர்கள் நம்புகிறார்கள், உண்மையில் துள்ளுவதில்லை. 0.39 வினாடியில் புவியீர்ப்பு மட்டுமே இருந்தால் பந்து சுமார் இரண்டரை அடி இறங்கும். பின்சுழல் அந்த இறக்கத்தில் ஒரு பகுதியைத் தடுக்கிறது. பேட்டரின் கண் எதிர்பார்க்கும் அளவுக்குப் பந்து இறங்காததால் மட்டை அடியில் காற்றை வெட்டிவிட்டுப் போகிறது. இதில் தவறு நேர்வது பெரும்பாலும் ஒரே விதத்தில்: கை அடியில் நுழையாமல் பக்கவாட்டில் சுற்றிவிட்டால், பந்து துப்பாக்கிக் குண்டுபோல் தன் போகும் திசையையே அச்சாக்கிச் சுழலும். அந்தச் சுழலுக்குப் பந்தைத் தாங்கும் சக்தி இல்லை. இடுப்பு உயரத்தில் நேராக வந்து நிற்கும். அதை அடித்து 220 அடி வேலியைத் தாண்டவிடப் பேட்டருக்கு அது போதும்.

டிராப்பால் இதற்கு நேரெதிர். முன்சுழலோடு வந்து முழங்காலருகே விழும். அதிகம் விழுந்தால் மண்ணில் குத்தும், பேட்டருக்குப் பின்னால் உட்காரும் கேட்சரைத் தாண்டும், மூன்றாவது பேஸில் நிற்பவர் ஹோம் பிளேட்டுக்கு (பேட்டர் நிற்கும் கடைசி பேஸ்) வந்து ரன் சேர்ப்பார். சேஞ்ச்அப்பில் கை அதே வேகத்தில் சுற்ற வேண்டும், பந்து மட்டும் தாமதிக்க வேண்டும். கை தயங்கினால் நல்ல பேட்டர் அப்போதே பார்த்துவிடுவார்.

2004-ல் ஒரு காட்சி ஆட்டத்தில் சாஃப்ட்பால் பிட்சர் ஜென்னி ஃபின்ச், பேஸ்பால் நட்சத்திரங்களான ஆல்பர்ட் பூஹோல்ஸையும் மைக் பியாட்சாவையும் ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்) செய்தார். 1967-ல் டாட்ஜர் ஸ்டேடியத்தில் சாஃப்ட்பால் பிட்சர் எடி ஃபைக்னர் ஆறு பேஸ்பால் நட்சத்திரங்களைத் தொடர்ச்சியாக வெளியேற்றினார்; வில்லி மேய்ஸும் ராபர்ட்டோ கிளெமென்டேயும் அவர்களில் அடக்கம். சாஃப்ட்பால்தான் கடினம் என்பதற்குச் சான்றாக இவற்றை அடிக்கடி எடுத்துக்காட்டுகிறார்கள். அது சரியான வாதமல்ல. வாழ்நாள் முழுக்க மேலிருந்து இறங்கும் பந்துக்குப் பழகிய கண், கீழிருந்து வரும் பந்தை ஊகிக்க முடியாமல் தடுமாறியது; அவ்வளவுதான் அதில் தெரிவது. இடம் மாறி நின்றால் சாஃப்ட்பால் பேட்டருக்கும் அதே கதிதான்.

60 அடி ஓட்டம்

பேஸ்பாலில் வலதுகை பேட்டர் முதல் பேஸை அடையச் சராசரியாக 4.3 வினாடி ஆகும். ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர்) பந்தைக் கையில் ஒருமுறை தவறவிட்டாலும் எடுத்து எறிய நேரம் கிடைக்கலாம். சாஃப்ட்பாலில் வேகமான இடதுகை ஆட்டக்காரர் 3 வினாடிக்குள் பேஸில் நிற்பார். பந்து கையுறையில் ஒருமுறை துள்ளினாலே அவர் பிழைத்துவிட்டார்.

அந்த அவசரத்திலிருந்து பிறந்ததுதான் ஸ்லாப். பேஸ்பாலில் இதற்கு ஈடான ஒன்று வளரவே இல்லை. இடதுகை பேட்டர், பந்து வரும்போதே பின்காலை முன்காலுக்குக் குறுக்கே வைத்து ஓடத் தொடங்கி, ஓட்டத்தினூடே பந்தைத் தட்டுகிறார். மட்டை படும் நொடியில் பேட்டர் கட்டத்துக்கு முற்றிலும் வெளியே கால் தரையில் ஊன்றியிருந்தால் அவுட். அவசரக்காரர்கள் விழுவது இந்த இடத்தில்தான். பன்ட்டுக்கு (மட்டையைச் சுழற்றாமல் பந்தை மெதுவாகத் தட்டிவிடுவது) பயந்து முதல், மூன்றாம் பேஸ் காவலர்கள் முன்னால் ஏறி நின்றால் அவர்களைத் தாண்டிப் பலமாகத் தட்டலாம்; ஷார்ட்ஸ்டாப்பும் ஏறி வந்தால் தலைக்கு மேல் தூக்கிவிடலாம்; எல்லாரும் பின்வாங்கினால் மெதுவாக உருட்டிவிட்டு ஓடலாம். ஒரு பந்துக்கு முன் ஃபீல்டர்கள் எடுத்துவைக்கும் இரண்டு அடிக்குள் அடுத்து நடக்கப்போவதன் பாதி இருக்கிறது. மூன்றாம் பேஸ் காவலர் பேட்டருக்கு அவ்வளவு கிட்டே நிற்பதால்தான் பலர் முகக்கவசம் அணிகிறார்கள்.

பந்து அடிக்கப்படாமலே அடுத்த பேஸுக்கு ஓடிவிடும் பேஸ் திருட்டிலும் விதி வேறு. பேஸ்பாலில் ஓட்டக்காரர் முன்கூட்டியே பல அடி விலகி நிற்பார், பிட்சர் அவரைப் பிடிக்க எறிவார். 2023 முதல் அமெரிக்காவின் உச்சப் பேஸ்பால் தொடரான மேஜர் லீக்கில் அந்த முயற்சிகளுக்கு வரம்பு வந்துவிட்டது. சாஃப்ட்பாலில் பந்து பிட்சரின் கையைவிட்டுக் கிளம்பும்வரை காலை எடுக்கக்கூடாது. எடுத்தால் அவுட். எனவே பிட்சரும் ஓட்டக்காரரும் ஒருவரையொருவர் வேவு பார்க்கும் சுவை இங்கே இல்லை. பேஸ்பாலுக்கு இது தெளிவான ஆதாயம். பதிலுக்கு, கேட்சரிடமிருந்து இரண்டாம் பேஸுக்கு 127 அடிக்குப் பதில் சுமார் 85 அடிதான் என்பதால், ஒவ்வொரு திருட்டும் தூசிக்குள் அங்குலக் கணக்கில் முடிகிறது.

ஒரே கை

பேஸ்பாலில் தொடக்கப் பிட்சர் ஐந்து நாளுக்கு ஒருமுறை வருவார், நூறு பந்தை நெருங்கினால் இறங்குவார். சாஃப்ட்பாலில் ஒரே பிட்சர் ஒரு போட்டித் தொடரையே தூக்கிச் சுமப்பதுண்டு. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸில் ஜப்பானின் யுகிகோ உவேனோ இரண்டு நாளில் மூன்று ஆட்டங்களில் 413 பந்துகள் வீசி, இறுதியில் அமெரிக்காவை 3-1 என்று வீழ்த்தினார். கீழிருந்து வீசினால் கைக்கு ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கை நெடுநாளாக உண்டு. அது தவறு. தோள் மூட்டைப் பிடுங்கி இழுக்கும் விசை பேஸ்பால் பிட்சர்களின் அளவை ஒட்டியே இருப்பதாக அளவீடுகள் காட்டியிருக்கின்றன. தோளின் முன்பக்கத்தில் இருதலைத் தசைநாண் வலி இவர்களிடம் அடிக்கடி வரும்.

ரசிகருக்கு இதன் பலன் ஒரு தொடர்கதை. முதல் முறை ஏமாந்த பேட்டர் மூன்றாம் முறை வரும்போது அதே பிட்சர்தான் எதிரே நிற்கிறார். பிட்சர் மிகச் சிறந்தவராக இருந்துவிட்டால் 1-0 ஆட்டம். ரன் மழை வேண்டுபவர்களுக்கு அது வறட்சிதான். சாஃப்ட்பாலில் தொடக்க ஆட்டக்காரர் வெளியே போய் ஒருமுறை திரும்பி வரலாம்; மேஜர் லீக் பேஸ்பாலில் அந்த விதி கிடையாது. மெதுவாக ஓடும் ஹிட்டருக்குப் பதில் வேகமானவரை ஓடவிட்டு, அடுத்த சுற்றில் அதே ஹிட்டரை மீட்டுக்கொள்ள முடிவதால் பயிற்சியாளர் துணிந்து விளையாடுகிறார்.

யாருக்கு எது

ஏழு இன்னிங்ஸ் என்பதால் சாஃப்ட்பால் பெரும்பாலும் இரண்டு மணி நேரத்தை ஒட்டி முடிகிறது. அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் ஐந்து இன்னிங்ஸுக்குப் பிறகு 8 ரன் முன்னிலை இருந்தால் அதோடு சரி. மேஜர் லீக் 2023-ல் பிட்ச் கடிகாரம் (பந்து வீச நேர வரம்பு) கொண்டுவந்த பிறகும் சராசரி 2 மணி 40 நிமிடம். 400 அடி பறக்கும் பந்து, வேலியோரப் பாய்ச்சல் கேட்ச், கடைசி இன்னிங்ஸில் அடுத்தடுத்து மாறும் பிட்சர்கள், 162 ஆட்டங்கள் நீளும் பருவம், நூற்றாண்டு தாண்டிய புள்ளிவிவரங்கள் இவற்றை நேசிப்பவருக்குச் சாஃப்ட்பால் ஈடுகொடுக்காது. பிட்சருக்கும் பேட்டருக்கும் நடுவே நடப்பதை முகத்தருகே பார்க்க வேண்டும், டக்அவுட்டிலிருந்து எழும் கூட்டுக் கோஷம் காதில் விழ வேண்டும் என்பவருக்குச் சாஃப்ட்பாலைத் தயங்காமல் சொல்லலாம்.

இருக்கையையும் அதற்கேற்பப் பிடியுங்கள். பேஸ்பாலுக்குச் சற்று உயரமான வரிசை நல்லது, வெளிக்களத்தின் நகர்வு அங்கிருந்துதான் தெரியும். சாஃப்ட்பாலுக்கு ஹோம் பிளேட்டுக்குப் பின்னால், முதல் பேஸ் பக்கம் கொஞ்சம் ஒதுங்கிய கீழ்வரிசை. இடதுகை பேட்டர் வந்ததும் பந்தைப் பார்க்காமல், முதலில் மூன்றாம் பேஸ் காவலரின் கால்களைப் பாருங்கள்.