மேற்கு ஜன்னலுக்குச் சன் ஃபிலிமா, மூங்கில் தட்டியா?

சன் ஃபிலிம் வாங்கப் போகிறவர்கள் கடையில் பெரும்பாலும் கேட்பது, "நல்ல கறுப்பா இருக்கா?" என்றுதான். காசு வீணாவது அங்கேதான். சூரிய வெப்பத்தில் ஏறக்குறைய பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக வருகிறது. சாயம் ஏற்றிய மலிவான ஃபிலிம் வெளிச்சத்தைக் குறைக்கும், அறை இருட்டாகும். ஆனால் அது உறிஞ்சிய வெப்பம் கண்ணாடியைச் சூடாக்கி, ஒரு பங்கு உள்ளேயே வந்து சேரும். பளபளப்பான உலோகப் பூச்சு ஃபிலிம் வெயிலைத் திருப்பி அனுப்புவதால் அதைவிட நன்றாக வேலை செய்யும். செராமிக் ஃபிலிம் வெளிச்சத்தை அதிகம் குறைக்காமல் அகச்சிவப்பைத் தடுக்கும், விலைதான் கூடுதல். எதுவானாலும் டிஎஸ்இஆர் எண்ணைக் கேளுங்கள். மொத்த சூரிய ஆற்றலில் எத்தனை சதவீதம் தடுக்கப்படுகிறது என்பது அதுதான். "99 சதவீதம் அகச்சிவப்பு தடுப்பு" என்பது பல சமயம் ஒரு குறுகிய அலைவரிசையில் மட்டும் அளந்த கணக்கு.

சரி, தட்டி? அது கண்ணாடிக்கு வெளியே வெயிலை நிறுத்துகிறது, அதனால் கண்ணாடியே சூடாவதில்லை. மேற்கு ஜன்னலுக்கு வெளியே போடும் சாய்ப்பு வெயில் வெப்பத்தை 77 சதவீதம் வரை குறைக்கும் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. உள்ளே போடும், பின்பக்கம் வெள்ளை பிளாஸ்டிக் வைத்த திரைச்சீலைக்கு அது சொல்லும் அளவு 33 சதவீதம்தான். பால்கனி இருந்தால் என் ஓட்டு தட்டிக்கே. காற்று அள்ளிக்கொண்டு போகும் எட்டாவது மாடியில் ஃபிலிமை விட்டால் வழியில்லை.

திசையையும் பார்க்க வேண்டும். சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை சூரியன் நாள் முழுக்க வடக்குச் சாய்வாகவே போகிறது. கத்திரியில் தெற்கு ஜன்னலில் நேர் வெயிலே விழாது! அங்கே ஃபிலிம் ஒட்டினால் அந்த மாதங்களில் பலன் மிகக் குறைவு. தெற்கு வெயில் உள்ளே வருவது மார்கழியில், அது பலருக்கும் இதமான வெயில். காலையில் கிழக்கும் மாலையில் மேற்கும்தான் கோடையில் வீட்டை வேகவைக்கின்றன, அதிலும் மேற்கு மோசம், ஏற்கெனவே சூடேறிய வீட்டுக்குள் வந்து விழுகிறது. முதல் காசை அங்கே போடுங்கள்.

ஊட்டியில் கணக்கு தலைகீழ். ஜனவரியில் உறைபனி விழும் ஊரில், பகலில் தெற்கு ஜன்னல் வழியே வரும் வெயில் இலவச ஹீட்டர். சாதாரண சன் ஃபிலிம் அதை வெளியே நிறுத்திவிடும், இரவில் அறையின் சூட்டையும் பெரிதாகப் பிடித்து வைக்காது. தட்டியென்றால் சுருட்டிக் கட்டிவிடலாம், ஒட்டிய ஃபிலிமை மாதத்துக்கு மாதம் உரிக்க முடியாது. உள் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் லோ-இ ஃபிலிம் குளிருக்கு உதவும், ஆனால் அங்கே நான் முதலில் வாங்குவது தரை வரை தொங்கும் கனமான திரைச்சீலை. பகலில் விலக்கி, பொழுது சாய்ந்ததும் இழுத்து மூடினால் போதும்.