வெள்ளி விழாத் தம்பதிக்கு ஹேவ்லாக்கில் ஸ்கூபா: எந்த டைவுக்குப் பணம் கொடுக்கலாம்?

திருமணமாகி 25 ஆண்டு நிறைந்ததைக் கொண்டாட அந்தமான் போகிறவர்களுக்கு டிராவல் ஏஜென்சிகள் நீட்டும் பேக்கேஜில் பூ அலங்கரித்த அறை இருக்கும், கடற்கரையில் விருந்து இருக்கும், நடுவே ஒரு வரியாக ‘ஸ்கூபா டைவிங், போட்டோ வீடியோ இலவசம்’ என்றும் இருக்கும். பயணத்தின் உயிரே அந்த வரிதான். அதை ஏஜென்சியின் கையில் விடாமல் நேரடியாக டைவ் சென்டரில் பேசி முடிவு செய்யுங்கள். அந்தமானின் ஹேவ்லாக் தீவில் (2018 டிசம்பரிலிருந்து அதிகாரப்பூர்வமாக ஸ்வராஜ் த்வீப்) விற்கப்படும் முதல்முறை டைவ்களில் தரம் அவ்வளவு ஏற்றத்தாழ்வாக இருக்கிறது.

ஐம்பதை நெருங்கும் தம்பதிக்கு இதைவிடப் பொருத்தமான சாகசம் நம் நாட்டில் குறைவு என்பது என் உறுதியான கருத்து. மலையேற்றத்துக்கு முழங்கால் ஒத்துழைக்க வேண்டும். பங்கி ஜம்ப் சில வினாடிகளில் முடிந்துவிடும், அதையும் பெரும்பாலும் தனித்தனியாகத்தான் குதிக்க வேண்டும். தண்ணீருக்குள் உடல் எடை மூட்டில் இறங்காது. முதல்முறை டைவுக்கு நீச்சல் தெரிந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. பயிற்றுநர் கூடவே இருப்பார், ஆழம் அதிகபட்சம் 12 மீட்டர்.

டைவ் மூன்று விதமாகக் கிடைக்கிறது. முதலாவது எலிஃபன்ட் பீச். ஜெட்டியிலிருந்து படகில் போகும் சுற்றுலாக் கூட்டம் மொத்தமும் இறங்கும் இடம். அடுத்த ஆள் காத்திருப்பதால் பயிற்சி சில நிமிடங்களில் முடிந்துவிடும். பின்னாலிருந்து சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று கூட்டிப்போய், கேமராவுக்குக் கைகாட்டச் சொல்லி, மேலே கொண்டுவந்து விடுவார்கள். இதை வாங்க வேண்டாம்.

இரண்டாவது, நீமோ ரீஃப் என்னும் பவளத்திட்டு. கரையிலிருந்தே நடந்து இறங்கலாம். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று பழகிவிட்டு மெல்ல ஆழத்துக்குப் போவதால் பயந்த சுபாவக்காரர்களுக்கு இதுதான் சரி. கட்டணம் ஆளுக்கு நாலாயிரம் ரூபாய்க்கு முன்பின் இருக்கும், சீசனுக்கு ஏற்ப மாறும். ஒரு சிக்கல் உண்டு. தீவின் கிழக்குக் கரையில் வற்றம் வந்தால் தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கிவிடும். சிலிண்டரைச் சுமந்துகொண்டு கல்லும் செத்த பவளமுமாகக் கிடக்கும் தரையில் நடக்க வேண்டிவரும். ஆகவே உங்கள் வசதிக்கு நேரம் கேட்காமல், அன்றைய கடல் ஏற்றம் எத்தனை மணிக்கு என்று கேட்டு அதற்கேற்ப பதிவு செய்யுங்கள். அந்தமானில் ஆறு மணிக்கு முன்பே விடிந்துவிடும், காலை ஆறு மணி டைவ் என்றால் திகைக்க வேண்டாம்.

மூன்றாவது படகு டைவ். செலவு கணிசமாகக் கூடும், ஆனால் பவளமும் மீனும் தெளிவும் வேறு தரம். காசு இடம் கொடுத்தால், முதல் நாள் கரையில் ஒன்று, மறுநாள் படகில் ஒன்று என்று எடுப்பதே என் சிபாரிசு. முதல் டைவில் மூச்சும் காதும் கவனத்தை முழுக்கத் தின்றுவிடும். மீனைப் பார்ப்பதே இரண்டாவதில்தான். ஒன்றுக்குத்தான் பட்ஜெட் என்றால் படகை விட்டு, நிதானமாகச் சொல்லித்தரும் கரை டைவை எடுங்கள். டிக்ஸன்ஸ் பினாக்கிள், ஜானிஸ் கார்ஜ் போன்ற புகழ்பெற்ற இடங்கள் ஆழமானவை, சான்றிதழ் பெற்ற டைவர்களுக்கானவை. முதல் டைவிலேயே அங்கே அழைத்துப்போவதாக யாராவது சொன்னால் அந்த சென்டரை விட்டு நகர்ந்துவிடுங்கள்.

பதிவு செய்யும்போது தம்பதிகள் கேட்க மறக்கும் கேள்வி ஒன்று உண்டு: “நாங்க ரெண்டு பேரும் ஒரே நேரத்துல, ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கிட்டே இறங்குவோமா?” ஆளுக்கு ஒரு பயிற்றுநர் என்பது நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒருவருக்குக் காது அடைத்து இறக்கம் தாமதமானால் மற்றவரை முன்னே கூட்டிப்போய்விடுவார்கள். இருபத்தைந்தாம் ஆண்டு டைவை இருவரும் இரண்டு திசையில் முடித்துவிட்டு வீடியோவில் சந்திப்பதில் என்ன இருக்கிறது? தாமதமானால் மற்றவர் ஆழம் குறைந்த இடத்தில் காத்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். நல்ல சென்டர்கள் ஒப்புக்கொள்ளும்.

அடுத்தது மருத்துவப் படிவம். அதிகம் பேருக்குப் பயணம் கெடுவது இங்கேதான். உலகெங்கும் டைவ் சென்டர்கள் பயன்படுத்தும் படிவத்தில் 45 வயதைத் தாண்டியவரா என்று ஒரு கேள்வி இருக்கிறது. ஆம் என்றால் புகைப்பழக்கம், கொலஸ்ட்ரால், ரத்தக்கொதிப்பு, நெருங்கிய ரத்த உறவில் ஐம்பது வயதுக்குள் இதய நோய் ஆகியவற்றைத் தனியாகக் கேட்பார்கள். சர்க்கரை நோய், ஆஸ்துமா, வலிப்பு, காது அறுவை சிகிச்சை, இதயத்தில் ஸ்டென்ட் எல்லாமே படிவத்தில் வரும். இந்த நோய்க் கேள்விகளில் ஒன்றுக்கு ‘ஆம்’ விழுந்தாலும் மருத்துவர் கையெழுத்து இல்லாமல் இறக்கக் கூடாது. ரத்தக்கொதிப்பு மாத்திரை சாப்பிடுவோர் நிறைந்த வயது இது. எனவே டைவ் சென்டரிடம் படிவத்தை வாங்கி, ஊரில் வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடமே காட்டி, கையெழுத்தோடு புறப்படுங்கள். தீவில் இறங்கியபின் இதற்காக அலைய முடியாது. எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ போட்டுவிடச் சொல்லும் கடைக்காரரின் பேச்சைக் கேட்காதீர்கள். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. மறைத்த நோய்க்கு அந்த இடத்தில் உதவி கிடைப்பது கடினம்.

டைவ் பாதியில் முறிவதற்கு முதல் காரணம் காது. அழுத்தம் ஏற ஏறச் செவிப்பறை உள்ளே தள்ளப்படும். மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மென்மையாக ஊதினால் தொண்டையிலிருந்து காற்று காதுக்குள் போய்ச் சமன் செய்யும். தவறு எங்கே நடக்கிறதென்றால், வலி வந்தபிறகு ஊதுகிறார்கள். அதற்குள் தொண்டையையும் காதையும் இணைக்கும் குழாய் அழுந்தி மூடிவிட்டிருக்கும், எவ்வளவு ஊதினாலும் திறக்காது. பலமாக ஊதினால் காதுக்குக் காயம். தலை நீரில் மூழ்கியதுமே தொடங்கி, ஒவ்வொரு மீட்டருக்கும் ஒருமுறை, வலிக்கு முந்திக்கொண்டு செய்ய வேண்டும். அடைத்துவிட்டால் ஒரு மீட்டர் மேலே வந்து மறுபடி முயலவும். சளி இருந்தால் அன்று டைவ் கிடையாது. மூக்கடைப்பு மருந்து போட்டுக்கொண்டு இறங்கினால், அதன் வேகம் நீருக்கடியில் குறைந்து, மேலே வரும்போது காற்று வெளியேற வழியில்லாமல் வலி உயிர்போகும்.

மற்ற விதி ஒன்றே: மூச்சைப் பிடித்து வைக்கக் கூடாது. மேலே வரும்போது நுரையீரலில் அடைபட்ட காற்று விரியும். வாயில் ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றைத் தரும் வாய்க்கருவி) இருக்கும்வரை மூச்சை இழுத்து விட்டுக்கொண்டே இருங்கள். கட்டைவிரலை உயர்த்தினால் ‘சூப்பர்’ என்று அர்த்தமில்லை, ‘மேலே போகலாம்’ என்று அர்த்தம். இதை மறந்து நன்றாக இருக்கும் டைவை முடித்துக்கொள்கிறவர்கள் உண்டு.

நம் ஊர்க்காரர்களுக்கென்றே சில விஷயங்கள். மீசை அடர்த்தியாக இருந்தால் மாஸ்க்கின் கீழ்விளிம்பு ஒட்டாமல் தண்ணீர் கசியும்; மூக்குக்கு நேர்கீழே சில மில்லிமீட்டர் கத்தரித்தாலே போதும். அன்று காலை தலைக்கு எண்ணெய் வேண்டாம், பட்டை வழுக்கும். முடியைப் பின்னலாக்கிக்கொள்ளுங்கள், நெற்றியோர முடி ஒன்றுகூட மாஸ்க்குக்குள் போகக் கூடாது. மூக்குத்தியை முந்தின இரவே கழற்றிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் ஒவ்வொரு மீட்டருக்கும் மூக்கைப் பிடிக்கும்போது குத்தும். தாலிக்கொடியைக் கழற்ற மனமில்லை என்றால் டைவ் உடையான வெட்சூட்டுக்குள் முழுவதும் இருக்கும்படி போட்டுக்கொள்ளலாம். வெளியே தொங்கினால் குழாய்களில் சிக்கும். தளர்ந்த மோதிரம் விரலைவிட்டுக் கழன்றால் கிடைக்காது. மெட்டி, காலில் மாட்டும் துடுப்பான ஃபின்ஸுக்குள் உரசும். கண்ணாடியை மாஸ்க்குக்குள் போட முடியாது. பவர் மாஸ்க் இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். டைவுக்கு இரண்டு மணி நேரம் முன்னதாக இரண்டு இட்லி போதும், முந்தின இரவு மது வேண்டாம்.

ஒரு சிலிண்டரில் சுமார் 2,200 லிட்டர் காற்று இருக்கும். பதற்றத்தில் மூச்சு வாங்கினால் அது வேகமாகத் தீரும். அரை மணி நேரம் கீழே இருந்தாலே நல்ல முதல் டைவ். இதனால்தான் கரையில் நடக்கும் பயிற்சியின் நீளத்தை வைத்து சென்டரை மதிப்பிடச் சொல்கிறேன். மாஸ்க்கில் புகுந்த தண்ணீரை மூக்கால் ஊதி வெளியேற்றுவதையும், வாயிலிருந்து விலகிய ரெகுலேட்டரை எடுத்துப் பொருத்துவதையும் இடுப்பளவுத் தண்ணீரில் இருவரும் செய்து காட்டும்வரை இறங்க வேண்டாம். வெறும் தியரி சொல்லி முடித்தால் அது பயிற்சியே இல்லை.

மருத்துவர் மறுத்துவிட்டால் ‘ஸீ வாக்’ போகலாம் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். தலையில் ஹெல்மெட் மாட்டிக் கடலடியில் நடந்தாலும் அழுத்தம் அழுத்தம்தான், அதே காது, அதே நுரையீரல். அதற்குப் பதில், மருத்துவர் சம்மதித்தால், லைஃப் ஜாக்கெட்டோடு மேலே மிதந்தபடி குழாயில் மூச்சுவிடும் ஸ்நார்க்கெல். இல்லையேல் சதுப்புநிலக் காட்டில் இருவர் துடுப்பு போடும் இரவுக் கயாக். துடுப்பு பட்ட இடமெல்லாம் தண்ணீர் ஒளிரும். நிலா இல்லாத இரவில்தான் அது தெரியும் என்பதால் அமாவாசையை ஒட்டித் தேதி பாருங்கள்.

மாதம் பார்த்தால் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை நல்லது, அதிலும் பிப்ரவரிக்குப் பின் கடல் அமைதி. திருமண நாள் ஆடி ஆவணியில் வந்தால் தேதியைப் பிடித்துத் தொங்காமல் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். சென்னையிலிருந்து ஸ்ரீ விஜயபுரத்துக்கு (பழைய போர்ட் பிளேர்) நேரடி விமானம் இருக்கிறது. அங்கிருந்து தனியார் கப்பலில் ஹேவ்லாக்குக்கு இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். திரும்பும் விமானத்தை டைவ் முடிந்த உடனே வைக்கக் கூடாது. ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், ஒன்றுக்கு மேல் என்றால் 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேற அவ்வளவு நேரம் பிடிக்கும். ஹேவ்லாக்கில் மூன்று இரவு தங்கி இரண்டாம், மூன்றாம் நாள் காலைகளில் டைவ், நான்காம் நாள் கப்பல், அன்றிரவு ஸ்ரீ விஜயபுரம், ஐந்தாம் நாள் விமானம் என்று போட்டால் கடல் சீறிக் கப்பல் ஒருவேளை ரத்தானாலும் சமாளிக்கலாம். நினைவுக்காகப் பவளத் துண்டு எதையும் பையில் போட்டுவிடாதீர்கள். வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம், விமான நிலையச் சோதனையிலேயே பிடிபடும்.