பிரேக் டிஸ்க்கை லேத்தில் கொடுப்பதா, புதிதாகவே போட்டுவிடுவதா?

என்னுடையது 2009 ஸ்விஃப்ட், பெட்ரோல். ஓட்டம் ஒன்றேகால் லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. சேலம்–நாமக்கல் சாலையில் 80-ல் போகும்போது பிரேக்கை லேசாக மிதித்தால் போதும், ஸ்டியரிங் இப்படியும் அப்படியுமாக உதறும், காலை எடுத்தால் உடனே அடங்கிவிடும். முன் சக்கரங்களோடு சுற்றுகிற இரும்புத் தட்டுகளான டிஸ்க் இரண்டையும் கழற்றி லேத்தில் சீவி வாங்கலாம், இல்லையென்றால் புதுசு போடலாம் என்று இரண்டு வழி சொன்னார்கள். நான் இரண்டையும் செய்து பார்த்தவன். லேத் வேலை எட்டு மாதம் தாங்கியது, அப்புறம் புது டிஸ்க். என் சாய்வு எந்தப் பக்கம் என்று இதிலேயே தெரிந்திருக்கும்.

செலவுக்கு முன்னால் கோளாறு டிஸ்க்கில்தானா என்று பார்த்துவிடுங்கள். பிரேக்கே தொடாமல் 80, 90-ல் ஆடினால் டயர், வீல் பேலன்சிங் பக்கம் போங்கள். மிதிக்கும்போது மட்டும் ஸ்டியரிங் ஆடினால் பெரும்பாலும் முன் டிஸ்க்தான். ஸ்டியரிங் சும்மா இருக்க, பெடலும் சீட்டும் மட்டும் அதிர்ந்தால் பின் பிரேக் டிரம்மைச் சந்தேகப்படலாம். பழைய வண்டி என்றால் சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷையும் ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், அது தேய்ந்திருந்தால் சின்ன அதிர்வுகூடப் பெரிதாகக் கைக்கு வரும்.

லேத்துக்கு ஆன செலவு 700 ரூபாய், மதியம் கொடுத்துச் சாயங்காலம் வாங்கியாகிவிட்டது. கம்பெனி டிஸ்க்கே தொடர்கிறது, சீவினதும் கண்ணாடி மாதிரி இருந்தது. புது ஜோடிக்கும், டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கிற பேடுக்கும், கூலிக்குமாக அப்புறம் நான் கொடுத்தது 5,800. காசு மட்டும் கணக்கு என்றால் பேச்சே இல்லை, லேத்துதான்.

ஆனால் எட்டாவது மாதம் அதே உதறல். இந்த முறை வேறு மெக்கானிக்கிடம் போனேன். அவர் டிஸ்க்கை எடுத்ததும் அதைப் பார்க்கவே இல்லை, அதற்குப் பின்னால் இருக்கிற, டிஸ்க்கும் சக்கரமும் மாட்டுகிற ஹப்பைத்தான் பார்த்தார். அந்த முகம் முழுக்கத் துரு, ஒரு பக்கம் செதில் செதிலாகத் தடித்திருந்தது. “டிஸ்க்கு மேல தப்பில்ல தம்பி, அது உக்கார்ற எடம் சரியில்ல” என்றார். லேத்தில் டிஸ்க் லேத்தின் அச்சில் உட்காருகிறது, அங்கே நேராகச் சீவி வரும். திரும்ப இந்தத் துருமேல் மாட்டினால் மயிரிழை சாய்ந்து நிற்கும். 0.05 மில்லிமீட்டர் சாய்வே பல கார்களுக்கு அதிகம். சாய்ந்த டிஸ்க் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பேடை உரசும், சில ஆயிரம் கிலோமீட்டரில் அந்த இடம் மெலிந்துபோகும். டிஸ்க் வளைந்துவிட்டது என்று நாம் சொல்வது பல நேரம் இப்படி ஒரு பக்கம் மெலிந்ததுதான். கம்பி பிரஷ்ஷும் எமரித்தாளும் வைத்து ஹப்பைப் பளிச்சென்று தேய்த்து, டிஸ்க்கை மாட்டி, சாய்வை அளக்கிற டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்த்த பிறகுதான் பேடைத் தாங்குகிற காலிப்பரைக் கையில் எடுத்தார்.

அப்படியானால் முதலிலேயே ஹப்பைத் தேய்த்திருந்தால் லேத் வேலையே நிலைத்திருக்குமே என்று கேட்கலாம். நிலைத்திருக்கலாம். புது டிஸ்க்கையும் துருமேல் மாட்டினால் அதே கதைதான். இருந்தும் நான் புதிதுக்குப் போனது தடிமனுக்காக. எதுவரை தேயலாம் என்கிற அளவு டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். ஏற்கனவே தேய்ந்ததை ஒரு முறை சீவியதில் என்னுடையது அந்த அளவுக்கு அரை மில்லிமீட்டர் மேலேதான் நின்றது, இன்னொரு முறை சீவினால் கீழே போய்விடும். இரும்பு குறைந்தால் சூட்டை வாங்கிக்கொள்ளும் திறனும் குறையும். வருடத்துக்கு நாலைந்து முறை கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் குடும்பத்தோடு இறங்குகிறேன், இரண்டாம் கியரில் வந்தாலும் அடிவாரத்துக் காரவள்ளி வந்து சேரும்போது சக்கரப் பக்கம் பேட் வாடை அடிக்கும். அங்கே மெலிந்த டிஸ்க்கை நம்ப எனக்கு மனசு வரவில்லை. ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறீர்கள், அளந்து பார்த்தால் தாராளமாகத் தடிமன் இருக்கிறது என்றால், ஹப்பைத் தேய்த்து லேத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள், பேடை மட்டும் புதிதாகப் போடுங்கள்.

வண்டியிலேயே வைத்துச் சீவுகிற மெஷினும் உண்டு. ஹப்போடு சேர்த்தே சுற்றுவதால் சாய்வுப் பிரச்சினை அதில் வராது, ஆனால் நான் செய்து பார்த்ததில்லை. புது டிஸ்க்கும் இன்னும் 9,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, இதுவரை உதறல் இல்லை. விலை குறைந்த டிஸ்க் எப்படி உழைக்கும் என்று என்னைக் கேட்காதீர்கள், கம்பெனி ஸ்பேர்தான் வாங்கினேன்.

வீல் நட்டை ஒரே பக்கமாக இறுக்கினாலும் டிஸ்க் சாயலாம் என்று அந்த மெக்கானிக் சொல்லிவைத்ததில், இப்போது பஞ்சர் கடையில் ஏர் கன்னை எடுத்தாலே நான் கை ஸ்பேனரை நீட்டுகிறேன். கடைக்காரர் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்.