யெஸ்டி ரோட்கிங் பின் ஷாக்: புதுசை விடப் பழசே மேல்

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் உப்பளத்துக்குக் கணக்கு வேலைக்குப் போய்வருவது என் 1987 யெஸ்டி ரோட்கிங் மோட்டார் சைக்கிளில்தான். போன ஆவணியில் வலப்பக்கப் பின் ஷாக்கிலிருந்து (குழியின் அதிர்வை வாங்கிக்கொள்ளும் உறுப்பு) ஆயில் வடிந்து சைலன்சர் மேல் சொட்ட ஆரம்பித்தது. ஒரு வேகத்தடை ஏறி இறங்கினால் வண்டி மூன்று தடவை தவ்வும். இடுப்பு வலிக்காரியான என் மனைவி ஒருநாள், "ஏங்க, நான் பஸ்ஸிலேயே வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டாள். அதற்கு மேல் தள்ளிப்போட மனசு வரவில்லை.

யெஸ்டியைத் தயாரித்த மைசூர் ஐடியல் ஜாவா ஆலை மூடியது 1996இல். இன்றைக்கு யாராவது பெட்டியோடு புது ஷாக் காட்டினால், ஒன்று எங்கேயோ பரணில் கிடந்த பழைய சரக்கு, இல்லையென்றால் பார்த்துச் செய்த காப்பி. நான் முதலில் வாங்கியது காப்பி. ஜோடி 1,900 ரூபாய், குரோம் கண்ணைப் பறித்தது. மாட்டினால் பழசைவிட முக்கால் அங்குலம் நீளம். சென்டர் ஸ்டாண்டு போட்டாலும் பின் சக்கரம் தரையைத் தொட்டுக்கொண்டே நின்றது. பஞ்சர் ஆனால் ஸ்டாண்டுக்கு அடியில் பலகை கொடுத்துத்தான் சக்கரத்தைக் கழற்ற வேண்டும்.

அதுகூடப் பரவாயில்லை. ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஷாக்குக்குள் போய்வரும் கம்பியான ராடைக் கையால் இழுத்துப் பார்த்தேன். வாஷர் போன சைக்கிள் பம்பு மாதிரி தடையே இல்லாமல் வந்தது. குழியின் அடியை வாங்கிக்கொள்வது ஸ்பிரிங். வாங்கிய வேகத்தில் அது எகிறாமல் பிடித்து நிறுத்துவது உள்ளே இருக்கும் ஆயில். சின்னத் துளை வழியாக ஆயில் நெருக்கிக்கொண்டு போகும்போது வருகிற தடைதான் ஷாக்கின் உயிர். அது இல்லாததை ஷாக் என்று விற்பது அநியாயம். கடையில் திருப்பி எடுக்கவும் மாட்டேன் என்றுவிட்டார்கள்.

அப்புறம்தான் பழைய ஜோடியைத் துணியில் சுற்றி அரிசிப் பையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறினேன். சென்னை எழும்பூரில் இறங்கினால், பழைய வண்டிப் பாகங்களுக்குப் பேர்போன புதுப்பேட்டை நடக்கிற தூரம். ஆதித்தனார் சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு சந்தில் பெயர்ப்பலகை இல்லாத பத்தடிக் கடை. உத்தரத்திலிருந்து வரிசையாக ஸ்கூட்டர் ஷாக்குகள் தொங்கும். கடை பாய்க்கு எழுபது வயது இருக்கும். நான் கொண்டுபோனதைக் கையில் வாங்கியதும் விலை சொல்லவில்லை. வைஸில் பிடித்து, மூடியைத் திருகித் திறந்து, ராடைத் துடைத்து விரல் நகத்தை அதன்மேல் மெதுவாக ஓட்டினார். இரண்டு இடத்தில் நகம் தட்டியது.

"தம்பி, கடலோரம் ஓடுற வண்டியா?"

அதிர்ந்துபோனேன். உப்புக் காற்றில் ராடின் குரோம் புள்ளி புள்ளியாக அரித்திருக்கிறது. அந்தப் புள்ளிகள் மேலும் கீழும் போகும்போது ஆயில் வெளியே கசியாமல் தடுக்கும் வளையமான சீலின் உதட்டைக் கிழித்திருக்கின்றன. "சீல் மட்டும் மாத்தினா ரெண்டு மாசத்துல திரும்ப வருவீங்க" என்றார். எங்கள் ஊர் மெக்கானிக் இதுவரை இரண்டு தடவை சீல் மட்டும்தான் மாற்றியிருந்தார்.

ராடுகளை அம்பத்தூருக்கு அனுப்பி ஹார்டு குரோம் பூசி கிரைண்டிங் செய்து வாங்கினார். ஸ்பிரிங் இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியபோது ஒன்று ஆறு மில்லிமீட்டர் குள்ளம். அதனால் இரண்டையுமே மாற்றச் சொன்னார். ஆயிலை அளவு ஜாடியில் ஊற்றி, இரண்டிலும் துளி வித்தியாசமில்லாமல் நிரப்பினார். ஃபோர்க் ஆயில்தான் ஊற்றினார். இன்ஜின் ஆயிலை ஊற்றிக் கொடுக்கிற பட்டறைகளை நான் பார்த்திருக்கிறேன். அதில் வண்டி கட்டைபோல ஆகிவிடும். ஷாக்கை நேராக நிறுத்திப் பத்துப் பதினைந்து தடவை அழுத்தி இழுத்துக் காற்றை வெளியேற்றிவிட்டு என் கையில் கொடுத்தார். உள்ளே தள்ளினால் இலகுவாகப் போயிற்று. வெளியே இழுத்தால் தேனுக்குள்ளிருந்து கரண்டியை எடுக்கிற மாதிரி, முதலிலிருந்து கடைசிவரை ஒரே சீராக வந்தது.

எல்லாம் சேர்த்து 3,600 ரூபாய். காப்பியின் விலையில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் அந்த 1,900ஐயும் சேர்த்தால் எனக்கு 5,500 ஆயிற்று. நீங்கள் நேராக இங்கேயே போங்கள்.

குறை இல்லாமல் இல்லை. நான்கு நாள் என்று சொன்னது ஒன்பது நாள் ஆனது. ஷாக்கை வண்டியில் மாட்டும் ஓட்டையில் போட்டுக் கொடுத்த ரப்பர் புஷ் கெட்டி ரகம்; முதல் இரண்டு வாரம் சத்தம் போட்டது, அப்புறம் அடங்கிவிட்டது. பில்லும் கிடையாது, ஒரு துண்டுச் சீட்டில் தேதி மட்டும் எழுதித் தருவார்.

இப்போது ஐந்து மாதம் ஓட்டிவிட்டேன். ராடில் விரல் வைத்தால் ஈரமில்லை. வேகத்தடையில் ஒரு தடவை அமுங்கி, ஒரு தடவை எழுந்து, நின்றுவிடுகிறது. தைப்பூசத்துக்கு மயிலம் கோவிலுக்கு இருவரும் வண்டியிலேயே போய்வந்தோம். மனைவி பஸ் பேச்சை எடுக்கவில்லை.

போகிறவர்கள் சொந்த ஷாக்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு போங்கள். போல்ட்டையும் வாஷரையும் மறக்க வேண்டாம், ஓட்டை அளவைப் பாய் அதை வைத்துத்தான் பார்ப்பார். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குப் போய்விட்டு இரண்டு மணிக்கு மேல்தான் கடை திறப்பார்.