ஒரு கியூப் ஆற்று மண்: மட்டக்களப்பில் வாங்குகிறவர்கள் பார்க்க வேண்டியவை

கிரான், சித்தாண்டி, செங்கலடிப் பக்கங்களிலிருந்து டிப்பரில் வரும் ஆற்று மண், சாமானாகப் பார்த்தால் முதல்தரம். மாதுறு ஓயாவும் முந்தனையாறும் மேற்கே பாறை நிலத்திலிருந்து உருட்டிக் கொண்டுவரும் படிகக்கல் மணிகள் அவை. கையில் எடுத்துத் தேய்த்தால் நறநறவென்று இருக்கும், விரலில் சேறு ஒட்டாது. கொங்கிறீட்டுக்கு நல்ல மண். ஆனால் காசு கொடுப்பவருக்குச் சேர வேண்டிய அளவும் தரமும் எல்லா லோட்டிலும் வந்து சேருவதில்லை.

முதலில் அளவு. ஒரு கியூப் என்றால் 100 கன அடி. டிப்பர் பெட்டியின் உட்புறம் 10 அடி நீளம், 6 அடி அகலம் என்றால் மண் 20 அங்குலம் நிற்க வேண்டும். 2 அங்குலம் குறைந்தால் 10 கன அடி போய்விட்டது. மேலே கும்பியாகத் தெரிவதை நம்பக் கூடாது, ஓரங்கள் பள்ளமாக இருக்கும். கொட்டுவதற்கு முன் மண்ணைச் சமப்படுத்தச் சொல்லி, நான்கு மூலையிலும் நடுவிலும் கம்பி குத்தி அளந்து, ஐந்தையும் கூட்டிச் சராசரி எடுங்கள். கொட்டிய பிறகு குவியலைப் பார்த்துச் சண்டை பிடிப்பதில் பயனில்லை.

அதைவிடப் பெரிய நட்டம் ஈரத்தில் இருக்கிறது. லேசாக ஈரமான மண்ணில் மணிகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி நிற்பதால் மண் ஊதிப்போகும். 25 வீதம் ஊதிய மண்ணில் 100 கன அடி வாங்கினால் உண்மையில் கிடைப்பது 80 கன அடி. தண்ணீர் சொட்டச் சொட்ட வரும் மண்ணில் இந்த ஊதல் இல்லை. முழுக்க நனைந்தால் மண் திரும்ப அமர்ந்துவிடும். ஆகவே காய்ந்த மண்ணை வாங்கலாம், சொட்டும் மண்ணையும் வாங்கலாம். பிடித்தால் உருண்டை நிற்கும் பதத்தில் வந்தால்தான் ஊதலைக் கழித்து விலை பேச வேண்டும். சோதிப்பது சுலபம். ஒரு தகரத்தில் ஈர மண்ணை அமுக்காமல் 8 அங்குலத்துக்குப் போட்டு வெளியே கொட்டுங்கள். தகரத்தில் பாதி தண்ணீர் விட்டு, அதே மண்ணைத் திரும்பப் போட்டுக் கலக்குங்கள். ஆறரை அங்குலத்தில் நின்றால் ஊதல் கிட்டத்தட்ட 23 வீதம்.

இது காசோடு மட்டும் முடிவதில்லை. 12க்கு 12க்கு 15 அங்குலப் பெட்டி ஒன்று 1.25 கன அடி, ஒரு 50 கிலோ சீமெந்துப் பைக்குச் சமன். 1:2:4 கலவைக்கு (சீமெந்து 1, மண் 2, சல்லி 4) மேசன் ஈர மண்ணில் இரண்டு பெட்டி போட்டால் உள்ளே போவது ஒன்றரைப் பெட்டி சொச்சம்தான். சல்லிக்கு இடையில் நிரம்ப மண் போதாமல், பலகை கழற்றும்போது தூணில் தேன்கூடு மாதிரி ஓட்டை தெரியும். அப்படி ஊதிய மண்ணுக்கு இரண்டரைப் பெட்டி போட வேண்டும்.

அடுத்தது சேறு. ஆற்றுப் படுகையை விட்டுக் கரையோர வயலைத் தோண்டி எடுத்த மண்ணும் 'ஆற்று மண்' என்ற பெயரில் வருகிறது. நிறம் மஞ்சள் தட்டும். கண்ணாடிப் போத்தலில் பாதிக்கு மண் போட்டு, முக்கால் வரை தண்ணீர் ஊற்றி, ஒரு தேக்கரண்டி உப்புப் போட்டுக் குலுக்கி 3 மணித்தியாலம் வையுங்கள். 4 அங்குல மண்ணின் மேல் சேற்றுப் படை கால் அங்குலத்துக்குள் நின்றால் தாராளமாக எடுக்கலாம். அந்தப் படை மண்ணின் உயரத்தில் 8 வீதத்தைத் தாண்டினால் கழுவாமல் கொங்கிறீட்டுக்குப் போடக் கூடாது, பூச்சிலும் முடி மாதிரி மெல்லிய வெடிப்பு விடும். வாவிப் பக்கத்து மண் என்றால் நாக்கில் வைத்துப் பாருங்கள். உப்புக் கரித்தால் உள்ளே கம்பி துருப்பிடித்து, கொங்கிறீட்டைப் பிளந்துகொண்டு வரும். கடல் மண்ணைக் கம்பி போடும் வேலைக்கு அண்டவே விடக் கூடாது.

குவாரித் தூள் சீமெந்துக் கல் அரிவதற்கு நல்லது. பூச்சுக்கு வராது. மணி கூர்மையானது, தூசும் அதிகம், தண்ணீர் கூடக் கேட்கும்.

இனிப் பத்திரம். 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி மண் அகழ அனுமதி கொடுப்பது புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகம். லோட்டோடு வரும் அனுமதிப் பத்திரத்தில் வாகன இலக்கம், திகதி, அளவு மூன்றையும் பாருங்கள். 2019 டிசம்பரில் அமைச்சரவை மண் ஏற்ற அனுமதிப் பத்திரம் தேவையில்லை என்று முடிவெடுத்து, 2020இல் உயர் நீதிமன்றம் அந்த முடிவை இடைநிறுத்தும் வரை, ஆறுகள் பட்ட பாடு கொஞ்சமல்ல. பத்திரம் இல்லாத மண் விலை குறைவாக இருப்பதற்குக் காரணம், அதன் மீதிக் காசை ஆற்றங்கரைக் கிராமம் கட்டுகிறது. படுகை தாழ்ந்தால் பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் இறங்கும், கரை சரியும், வயலுக்கு வாய்க்கால் எட்டாது, வாவியிலிருந்து உப்புத் தண்ணீர் மேலேறும். உழவு மெசின் போக என்று போட்ட கிறவல் வீதியில் பத்துச் சில்லு டிப்பர் ஓடினால் ஒரு மாரிக்கு மேல் அது தாங்காது. மண் இருக்கிற ஊருக்கு வளம் சேர வேண்டும். இப்போது சேருவது பெரும்பாலும் குழிகளும் ஒரு சில நாட்கூலியும்தான், இது சரியல்ல.

மாரியில் ஆறு பெருகும், அகழ முடியாது, விலை ஏறும். கட்டட வேலை இருப்பவர்கள் ஆவணி, புரட்டாதிக்குள் எடுத்து, தார்ப்பாய் போட்டு மூடி வைப்பது நல்லது. எடுக்கும்போது நிரப்பும் வேலைக்கு ஆற்று மண் கேட்காதீர்கள். 30க்கு 20 அடி வீட்டுக்கு நிலத்தை ஒரு அடி உயர்த்தினால் 600 கன அடி, ஆறு கியூப். அதற்குக் கிறவல் போட்டுத் தண்ணீர் விட்டு, 6 அங்குலத்துக்கு ஒரு படையாக இடித்தால் மண்ணைவிட இறுக்கமாக நிற்கும். அந்த ஆறு கியூப் ஆற்றிலேயே கிடக்கட்டும்.