ஜான்ஜுசீட்டஸ் மண்டையோட்டு மாதிரி: பற்களுக்காகவே வாங்கலாம்

பலீன் திமிங்கிலம் என்றாலே பல்லில்லாத வாயையும், அதில் சீப்பைப் போல வரிசையாகத் தொங்கும் தகடுகளையும் நினைத்துப் பழகியவர்களுக்கு, நான் இணையத்தில் வாங்கிய இந்த ரெசின் மாதிரி வியப்பளிக்கும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஜான் ஜுக் என்னும் கடற்கரை ஊருக்கருகே கிடைத்து, 2006இல் அறிவியல் பெயர் பெற்ற ஜான்ஜுசீட்டஸ், ஏறத்தாழ 2.5 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. பலீன் குலத்தைச் சேர்ந்ததாயினும், இரையைப் பற்களால் கடித்துப் பிடித்தது.

கன்னப்பற்களின் ரம்பம் போன்ற விளிம்பு விரலில் உறுத்தும் அளவுக்கு நுட்பமாக வார்க்கப்பட்டுள்ளது. அகன்ற குட்டை மூக்கும் பெரிய கண்குழியும் சரியாகவே அமைந்துள்ளன. வண்ணப்பூச்சுதான் தேநீர்க் கறையை நினைவூட்டுகிறது. உடன் வந்த தாளில் இதை டால்பின்களின் மூதாதை என்று அச்சிட்டிருப்பது மன்னிக்க முடியாத பிழை. தாங்கியும் சற்று ஆடுகிறது. அடியில் அட்டைத்துண்டு ஒன்றைச் செருகி வைத்திருக்கிறேன்.